நீண்டகால நோயாளிகளுக்கு மன ஆதரவு: வீடுதேடிப் போகிறவர்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பது?

கேள்வி இது: "கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ்கள், பிசியோதெரபிஸ்ட்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் என்று 20 பேர் இருக்கிறார்கள். சர்க்கரை, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் என்று வருஷக்கணக்கில் அவதிப்படுகிறவர்களின் மனதையும் கவனிக்க இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்று நாள் ஒதுக்க முடியும். என்ன பாடம் வைப்பது? ஒரு மனநல மருத்துவரை அழைத்துப் பேச வைத்தால் போதுமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். போதாது. மருத்துவர் மனச்சோர்வைப் பற்றி இரண்டு மணி நேரம் அருமையாகப் பேசுவார். கேட்டவர்கள் மறுநாள் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அழுகிற பெண்ணிடம் வழக்கம்போல "ஒண்ணும் கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிரும்" என்பார்கள். அறிவு கூடியிருக்கும், வாய் பழைய வாய்தான். அந்த வாயைப் பழக்குவதுதான் பயிற்சியின் வேலை. மூன்று நாளில் இரண்டு நாளாவது பேசிப் பழகுவதற்கே போக வேண்டும். அதற்குப் பிறகு ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேற்பார்வைக் கூட்டம் வேண்டும். பணம் பற்றவில்லை என்றால் பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள், மேற்பார்வையில் கை வைக்காதீர்கள்.

இது என் பிடிவாதம் மட்டுமில்லை. கோவாவில் மனநலப் படிப்பு எதுவும் இல்லாத சாதாரண ஆலோசகர்களை வைத்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 6 முதல் 8 அமர்வுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பலன் இருந்தது. அங்கே ஆலோசகர்கள் பயிற்சி முடித்ததோடு விடப்படவில்லை. தங்கள் அமர்வுகளின் ஒலிப்பதிவை வாரந்தோறும் கூடிக் கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். சர்க்கரை நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் சென்னை உட்பட இந்தியாவின் 4 நீரிழிவு மையங்களில் நடந்த இன்னொரு ஆய்வு 2020இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. அதிலும் மருத்துவரல்லாத ஒருங்கிணைப்பாளர்கள்தான் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். நிபுணர்கள் அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அலசினார்கள். இரண்டிலும் சுமையைத் தாங்கியது பிற்பாடு நடந்த அந்தக் கூட்டங்கள் என்பது என் கணிப்பு.

யார் எதுவரை செய்யலாம் என்று முதலிலேயே கோடு போட்டுவிடுங்கள். புற்றுநோயாளிகளின் மன ஆதரவுக்கென்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2004இல் நான்கு அடுக்கு வகுத்தது. முதல் அடுக்கு, நோயாளியைத் தொடும் எல்லா ஊழியர்களும்: மரியாதையாகப் பேசுவது, துயரத்தைக் கண்டுகொள்வது. இரண்டாவது, கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸ் போன்றவர்கள்: துயரத்தை அளந்து பார்ப்பது, பிரச்சினை தீர்க்க உதவுவது போன்ற எளிய முறைகள். மூன்றாவது பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். நான்காவது மனநல நிபுணர்கள். உங்கள் நர்ஸ்களையும் பிசியோதெரபிஸ்ட்களையும் இரண்டாவது அடுக்குக்குக் கொண்டுவருவதுதான் இலக்கு. தன்னார்வலர்களுக்கு முதல் அடுக்கோடு இரண்டு கேள்வி கேட்டு நர்ஸிடம் ஒப்படைக்கத் தெரிந்தால் போதும். ரத்த அழுத்தம், சர்க்கரை, மாத்திரை விநியோகம் என்று அவர்கள் தலையில் ஏற்கெனவே நிறைய வீடு இருக்கிறது. அவர்களை "கவுன்சிலர்" ஆக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

ஆகவே 20 பேரையும் ஒரே அறையில் மூன்று நாள் வைக்காதீர்கள். முதல் நாள் எல்லோரும். அடுத்த இரண்டு நாள் நர்ஸ்களும் பிசியோதெரபிஸ்ட்களும் மட்டும், 12 பேருக்கு மிகாமல், இரண்டு பயிற்றுநர்களோடு. ஒருவர் மனநலத் துறையைச் சேர்ந்தவர், மற்றவர் நோய்த்தணிப்புச் சிகிச்சையில் வீடுவீடாகப் போய் அனுபவப்பட்ட நர்ஸ். இரண்டாமவர் இல்லாவிட்டால் பயிற்சி மருத்துவமனை வாசனையோடே முடிந்துவிடும். இடம் தக்கலை பக்கம் பாருங்கள். நாகர்கோவிலில் வைத்தால் மேல்புறம், முன்சிறை பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பத்தரைக்குத்தான் வந்து சேருவார்கள், மூன்றரைக்கே பஸ்ஸைப் பார்ப்பார்கள்.

முதல் நாள் காலை பவர்பாயிண்ட் வேண்டாம். ஒரு வெள்ளைச் சார்ட்டை ஒட்டி, "மனசு சரியில்லை என்பதை நம் நோயாளிகள் எந்த வார்த்தையில் சொல்கிறார்கள்?" என்று கேளுங்கள். சங்கடமா இருக்கு, வெப்ராளமா வருது, மனசு விட்டுப்போச்சு, நெஞ்சு அடைக்குது, தளர்ச்சி, ஒரு மாதிரி வருது, சீவனே இல்ல, என்னத்துக்கு இருக்கணும் என்று அரை மணியில் சார்ட் நிறையும். பிறகு ஒவ்வொன்றையும் பிரிக்க வேண்டும். "வெப்ராளம்" என்று ஒருத்தி சொன்னால் அது கோபமா, அழுகையா, படபடப்பா? மூன்றாகவும் இருக்கலாம், அவளிடமே கேட்க வேண்டும். "தளர்ச்சி" மனச்சோர்வாக இருக்கலாம், ரத்தசோகையாகவும் இருக்கலாம். "மனச்சோர்வு" என்ற சொல்லை எந்த நோயாளியும் சொல்ல மாட்டார். "மனநலம்" என்று தொடங்கினாலே "எனக்கென்ன கிறுக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் போனால் அதே கேள்வி மலையாள வாடையோடு "பிராந்தா" என்று வரும். இந்தச் சார்ட்டைக் கடைசி நாள் வரை சுவரிலேயே விட்டுவையுங்கள்.

அடுத்து, உடம்பால் வரும் மனக்கோளாறு. நர்ஸ்களை வைத்துப் பயிற்சி நடத்துவதன் லாபமே இதில்தான். இதை அவர்கள் தவறவிட்டால் வேறு யாரும் பிடிக்க மாட்டார்கள். இன்சுலின் போடுகிறவர் திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, எரிந்து விழுந்தால் பதற்ற நோய் என்று மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதற்கு முன் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் அது சர்க்கரை இறங்கியது. கீமோவோடு ஸ்டீராய்டு எடுப்பவரின் தூக்கமின்மையும் எரிச்சலும், காசநோய்க்கு சைக்ளோசெரின் எடுப்பவரின் திடீர் சந்தேகங்களும் மருந்தின் வேலையாக இருக்கலாம். காலையில் தெளிவாக இருந்து, அந்தி மயங்கியதும் ஆளைத் தெரியாமல் பேசும் முதியவருக்கு மனக்குழப்ப நிலை. அது அவசரம், அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, மலச்சிக்கல் எதுவும் காரணமாகலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ஆனால் அவர்களிலேயே சிலர் துக்கம் இல்லாமலே பொசுக்கென்று அழுவார்கள், அரை நிமிஷத்தில் நின்றுவிடும். அது மூளையில் பட்ட அடி. "எதுக்கு அழுறீங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் அவருக்குத்தான் வெட்கம். எல்லாவற்றுக்கும் மேலாக வலி. வலியை அடக்காமல் மனதுக்கு ஆறுதல் சொல்வது வீண்வேலை.

இதையெல்லாம் கழித்தபின் மிஞ்சுவதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று மனச்சோர்வு. மற்றது நோயைச் சுமந்து சுமந்து வரும் சலிப்பு: பத்து வருஷமாகக் குத்திக்கொண்டே இருப்பது, சாப்பாட்டில் கை வைக்கும்போதெல்லாம் யாராவது பார்ப்பது, எவ்வளவு கவனித்தும் அளவு குறையாதது. இந்த இரண்டாவதற்கு மாத்திரை பெரிதாகக் கேட்காது. எந்த இடத்தில் சலிப்பு என்று கேட்டு அந்த இடத்தை இலகுவாக்க வேண்டும். இன்சுலின் ஊசியை மாற்றுவதா, பரிசோதனை நேரத்தை மாற்றுவதா, மருமகளின் வாயை அடக்குவதா என்று பார்க்க வேண்டும். "சர்க்கரை ஏன் ஏறிச்சு?" என்று விசாரணை வைக்கும் நர்ஸே அந்தச் சலிப்பில் பாதி என்பதைப் பயிற்சியில் பட்டென்று சொல்லிவிடலாம்.

அளவுகோலுக்கு பி.எச்.கியூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள் போதும். 9 கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10 வந்தால் கவனம், 15 வந்தால் மருத்துவர், 20 வந்தால் தாமதிக்கக் கூடாது. தன்னார்வலர்களுக்கு முதல் இரண்டு கேள்வி மட்டும் (எதிலும் நாட்டமில்லாமை, மனம் சோர்ந்திருத்தல்). இரண்டும் சேர்ந்து 3 வந்தால் நர்ஸுக்குச் சொல்ல வேண்டும். கேள்விகள் எளிதுதான், சிக்கல் பதில்களில் வரும். "பல நாட்கள்", "பாதி நாட்களுக்கு மேல்" என்று வாசித்துக் காட்டினால் நோயாளி "ஆமா, ஆமா" என்பார். 14 கட்டம் போட்ட ஒரு சின்ன அட்டையைக் காட்டி "இந்தப் பதினாலு நாள்ல எத்தன நாள் அப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். 0–1 நாள் என்றால் 0. 2–6 என்றால் 1. 7–11 என்றால் 2. 12–14 என்றால் 3.

இன்னொரு சிக்கல். தூக்கம், அசதி, பசி, அசைவு மந்தம் ஆகிய 3, 4, 5, 8ஆம் கேள்விகளுக்கு டயாலிசிஸ் நோயாளி நோயாலேயே மதிப்பெண் வாங்கிவிடலாம். மொத்தம் 11 என்று வந்து அதில் 9 இந்த நாலிலிருந்து வந்திருந்தால் பதற வேண்டாம். 1, 2, 6, 9ஐத் தனியாகப் பாருங்கள்: நாட்டம், சோகம், தன்னையே பழிப்பது, சாகும் எண்ணம். ஒன்பதாவதில் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் மொத்த எண்ணைப் பார்க்காமல் அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும். தாளை மடித்து ஃபைலில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதான் இந்த அளவுகோலில் நடக்கும் மிகப் பெரிய தவறு. பக்கவாதத்தில் பேச்சு போனவரிடம் இதைப் பயன்படுத்தவே முடியாது. அங்கே பக்கத்தில் இருப்பவரிடம் சாப்பாடு, தூக்கம், முகம் திருப்புதல் பற்றிக் கேட்டுத்தான் ஊகிக்க வேண்டும்.

இனி முக்கியமான பகுதி, பேசிப் பழகுதல். மூவர் மூவராகப் பிரியுங்கள்: ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ், ஒருவர் கவனிப்பவர். 7 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் திரும்பிப் பார்த்தல், பிறகு இடம் மாற்றம். ஒருவருக்கு ஒரு நாளில் குறைந்தது நாலு சுற்றாவது நர்ஸ் வேஷம் கிடைக்க வேண்டும். கதைச் சீட்டை நீங்களே எழுதிக்கொடுங்கள். அவர்களையே விட்டால் சினிமாபோல அழுவார்கள், ஐந்தாவது நிமிடம் குணமாகியும் விடுவார்கள். சீட்டில் இப்படி ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: "மூன்று கேள்வி கேட்கும் வரை ஒற்றைச் சொல்லில் மட்டும் பதில் சொல்லவும்."

ஒரு சீட்டு. வயது 56, ரப்பர் பால் வெட்டுகிறவர், சர்க்கரையால் இடது காலில் இரண்டு விரலை எடுத்தாயிற்று, ஒரு வாரமாக இன்சுலின் போடவில்லை. வழக்கமாக நடப்பது:

"ஏன் அண்ணே ஊசி போடல? இப்படி விட்டா காலையே எடுக்கணும்னு தெரியாதா?"
"தெரியும் மக்கா."
"அப்போ இன்னைக்கே போட ஆரம்பிங்க. மனச தளர விடாதீங்க. உங்கள விட கஷ்டப்படுறவிய எத்தன பேரு இருக்காவ."
"சரி மக்கா."

அந்தச் "சரி"யோடு கதவு சாத்தியாயிற்று. பயிற்சியில் இந்தக் காட்சியை நிறுத்தி, நோயாளியாக நடித்தவரிடம் "உள்ளே என்ன ஓடியது?" என்று கேளுங்கள். "இவளை எப்படியாவது அனுப்பிவைக்கணும்னு தோணுச்சு" என்பதுபோல ஒரு பதில் வரும். அந்த ஒரு பதிலுக்கு முன்னால் உங்கள் விரிவுரை நிற்காது. இப்போது அதே ஆள், வேறு தொடக்கம்:

"அண்ணே, ஊசி நின்னுபோச்சுன்னு அண்ணி சொன்னாவ. திட்ட வரல. என்ன ஆச்சுன்னு கேக்கலாமா?"
(பதில் இல்லை. நர்ஸ் மனதுக்குள் எட்டு வரை எண்ணுகிறாள்.)
"என்னத்துக்கு போடணும்னு இருக்கு."
"என்னத்துக்குன்னு இருக்கு..."
"விடியக்காலம் மூணு மணிக்கு எந்திச்சு நானூறு மரம் வெட்டுனவன் நான். இப்ப அவ கூலிக்கு போறா. நான் திண்ணையில குத்தவச்சிருக்கேன்."
"வீட்ட தூக்கி நிறுத்துன ஆளு நீங்க. அவிய போறத பாத்துகிட்டு இருக்கது வெரலு போனத விட வலிக்குது."
"...ஆமா."

இதில் நர்ஸ் செய்தது மூன்றே காரியம். அனுமதி கேட்டாள், மௌனத்தைப் பொறுத்துக்கொண்டாள், அவர் சொன்னதை அவருக்கே திருப்பிக் கொடுத்தாள். இன்சுலின் பேச்சு இன்னும் வரவில்லை, அது ஆறாவது நிமிடத்தில் வந்தால் போதும். வரும்போதும் கேள்வியாக வர வேண்டும்: "ஊசியப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" அதன்பின் ஒரே ஒரு தகவல். பிறகு மறுபடி "இதக் கேட்டப்போ என்ன தோணுது?" எட்டு வரை எண்ணுவதைத் தனிப் பயிற்சியாகவே வையுங்கள். பெரும்பாலானவர்கள் மூன்றிலேயே வாயைத் திறந்துவிடுவார்கள். கவனிப்பவர் கையில் ஒரு தாள்: எத்தனை கேள்வி "ஆமா/இல்ல"யில் முடிந்தது, எத்தனை முறை அறிவுரை, எத்தனை முறை திருப்பிச் சொன்னது. "நல்லா பேசுனாங்க" என்ற விமர்சனத்தைத் தடை செய்துவிடுங்கள்.

அந்த மனிதர் "என்னத்துக்கு" என்றாரே, அங்கே இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. மருந்தை நிறுத்துவது சிலருக்குச் சத்தமில்லாமல் சாவதற்கான வழி. நேரடியாகக் கேட்க வேண்டும்: "இப்படி இருக்கையில சிலருக்கு செத்துப்போயிரலாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணுனதுண்டா?" கேட்டால் எண்ணத்தை விதைத்ததுபோல ஆகிவிடும் என்ற பயம் எல்லா வகுப்பிலும் வரும். அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் சுமை இறங்கும். ஆனால் இதை விளக்கிச் சொல்வதால் யாரும் கேட்கத் தொடங்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் எழுந்து நின்று, பக்கத்தில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து, அந்த வாக்கியத்தை வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்ல வேண்டும். "தப்பா எதுவும் நெனக்கலல்லா?" என்று கேட்பவர்களை அங்கேயே திருத்துங்கள். அது "இல்ல" என்ற பதிலைக் கேட்டு வாங்கும் கேள்வி.

ஆமாம் என்றால்: எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது, முன்பு முயன்றதுண்டா, இதுவரை தடுத்தது எது? திட்டம் இருந்தால் தனியே விடக் கூடாது. வீட்டில் பூச்சிமருந்து, ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட், மிச்சம் கிடக்கும் மாத்திரைகள், இன்சுலின் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, நம்பகமான ஒருவர் கையில் பூட்டி வைக்கச் செய்ய வேண்டும். ரப்பர் விளைகிற கிராமங்களில் ஆசிட்டைச் சேர்த்துச் சொல்ல மறக்காதீர்கள், அச்சடித்த கையேடுகளில் அது இருக்காது. மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, இரவும் பகலும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104ம் உண்டு. இந்த அழைப்பை நோயாளியின் வீட்டிலிருந்தே, அவர் பக்கத்தில் இருக்கும்போதே போட்டுக் கொடுக்கலாம். "போலீஸ் கேஸ் ஆகுமோ" என்று குடும்பம் மறைக்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதை நர்ஸ் ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ரகசியம் காப்பேன் என்று முதலிலேயே முழு வாக்குக் கொடுக்கவும் கூடாது. "நீங்க சொல்றத வெளிய சொல்ல மாட்டேன், உங்க உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுவேன்" என்பதே சரி.

உதவி முறைகளில் இரண்டைச் சொல்லிக்கொடுங்கள், மூன்றாவது நாலாவதெல்லாம் பிறகு. முதலாவது பிரச்சினைகளைப் பிரிப்பது. மன உளைச்சலில் இருப்பவர்களுக்குச் சாதாரண ஊழியர்களே உதவுவதற்கென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பிஎம்-பிளஸ் முறையில் (அது 90 நிமிடம் வீதம் 5 அமர்வு, மூன்று நாள் பயிற்சியில் அதைச் செய்யத் துணிய வேண்டாம்) ஒரு எளிய அடி இருக்கிறது: தீர்க்கக்கூடியவை, தீர்க்க முடியாதவை, முக்கியமில்லாதவை என்று நோயாளியையே பிரிக்கச் சொல்வது. வெட்டிய விரல் திரும்ப முளைக்காது. ஆனால் மருத்துவமனைக்கு மாதம் இரண்டு தடவை ஆட்டோ செலவு தீர்க்கக்கூடியது. ஒன்றை எடுத்து, நோயாளியின் வாயிலிருந்தே மூன்று வழி வாங்கி, ஒன்றைத் தேர்ந்து, யார் எந்தக் கிழமை செய்வது என்று முடிப்பது.

இரண்டாவது, கைவிட்டுப்போன காரியங்களைச் சிறுகச் சிறுகத் திரும்பக் கொண்டுவருவது. எது என்பதை நர்ஸ் தீர்மானித்தால் "வாக்கிங் போங்க, யோகா செய்யுங்க" என்று முடியும். தூத்தூர் பக்கத்தில் மாதக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போய்வந்த ஒருவர் பக்கவாதத்தில் உட்கார்ந்துவிட்டால், அவருக்கு வலது கை ஓரளவு வேலை செய்கிறதென்றால், கிழிந்த வலையைச் சரிசெய்வது பத்து நிமிடம். கூட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்கு 0 முதல் 10க்குள் ஒரு எண். இதில் நடக்கும் தவறு, முதல் நாள் தெம்பில் ஒரு மணி நேரம் செய்துவிட்டு மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் போவது. உடம்புக்கு முடிந்ததில் பாதியில் நிறுத்தச் சொல்லி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுவது பாதுகாப்பு. இதய பலவீனம், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். மூச்சுப் பயிற்சி என்று அவர்களை மூச்சை அடக்கச் சொல்லிவிடாதீர்கள். உதட்டைக் குவித்து மெல்ல ஊதி விடுவது போதும்.

குடும்பத்தைப் பற்றி ஒரு அரை நாள். புற்றுநோய் வீட்டில் வாசலிலேயே மகன் வழிமறித்து, "அப்பாக்கு தெரியாது, சொல்லிராதீங்க" என்பான். அப்பாவோ திருவனந்தபுரம் ஆர்சிசிக்கு (மண்டலப் புற்றுநோய் மையம்) ஆறு தடவை போய்வந்தவர். அந்த மூன்றெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று இங்கே தெரியாதவர் கிடையாது. மகனோடு சண்டை வேண்டாம், "அவருக்கு உரிமை உண்டு" என்ற சட்டம் பேசுவதும் வேண்டாம். சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறான் என்று கேளுங்கள். மறைத்து மறைத்து நடிப்பதில் அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று கேளுங்கள். பிறகு, "நானா எதுவும் சொல்ல மாட்டேன். அவருக்கு என்ன தெரியும்னு மட்டும் கேட்டுப் பாக்கட்டா? அவரே நேரடியா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்று அனுமதி வாங்குங்கள். பத்துக்கு எட்டு வீட்டில் அப்பாவும் அதே மகனைக் காப்பாற்றத் தெரியாததுபோல நடித்துக்கொண்டிருப்பார் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

"இது எதனால வந்துச்சு?" என்ற கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும். மணலிலேயே இயற்கையாகக் கதிர்வீச்சுக் கனிமம் கலந்திருக்கும் மணவாளக்குறிச்சிப் பக்கக் கடற்கரை ஊர்களில் அது "இந்த மண்ணாலதானே?" என்று வரும். ஆமாம் என்றோ இல்லை என்றோ வீட்டு வாசலில் நின்று தீர்ப்புச் சொல்வது நர்ஸின் வேலை இல்லை. அந்தக் கேள்விக்குள் கோபம் இருக்கிறதா, பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறதா, தன்மேல் பழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஜெபக்கூட்டம், நேர்ச்சை, அய்யாவழிக்காரர்களின் நிழல்தாங்கலில் வேண்டுதல், வர்ம ஆசானிடம் எண்ணெய் எதையும் இகழாமல் "வேற எங்கெல்லாம் காட்டுறிய?" என்று இயல்பாகக் கேட்கத் தெரிய வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா என்பது மட்டுமே நமக்கு வேண்டிய பதில். அப்படிச் சொல்லியிருந்தால் நோயாளியோடு வாதாடுவதைவிட, பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ ஆசானிடமோ நேரில் போய்ப் பேசுவது சீக்கிரம் வேலை செய்யும்.

தனிமைதான் களத்தில் பெரிய முட்டுக்கட்டை. நோயாளி முன்னறையில், மைனி கதவோரம், பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில். பி.எச்.கியூ கேட்டால் ஊருக்கே மதிப்பெண் தெரியும். பிசியோதெரபிஸ்டுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. இருபது நிமிடம் காலைப் பிடித்து மடக்கி நீட்டிக்கொண்டிருக்கையில் கூட நிற்பவர்களுக்குச் சலித்துவிடும், போய்விடுவார்கள். கையும் வேலையில் இருப்பதால் நோயாளிக்கு முகம் பார்த்துப் பேச வேண்டிய கூச்சமும் இல்லை. புண்ணுக்குக் கட்டு மாற்றும் நேரமும் அப்படித்தான். டயாலிசிஸ் நாலு மணி நேரம் நீள்வதால் அங்கேயே பேசலாம் என்று தோன்றும். பக்கத்துப் படுக்கை ஒரு முழ தூரத்தில் இருக்கும், வேண்டாம். பருவமும் பாருங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் போகும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. கணவன் மனைவி இருவரையும் சேர்த்துப் பார்க்கவும், சண்டை முற்றுவதைக் கண்டுகொள்ளவும் அதுதான் சமயம்.

அனுப்பிவைக்கும் சீட்டை வகுப்பிலேயே எழுதிப் பழக்குங்கள். "மனநல ஆலோசனை தேவை" என்று எழுதினால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கூட்டத்தில் அது வெறும் தாள். நாலு வரி வேண்டும்: என்ன நோய் எத்தனை வருஷம், பி.எச்.கியூ எண்ணும் ஒன்பதாவதின் பதிலும், எந்தத் தேதியிலிருந்து மாற்றம், இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளும். நாலாவது வரி அலங்காரத்துக்கு இல்லை. வலிக்கு டிரமடால் எடுக்கிறவருக்கு மனச்சோர்வு மாத்திரை சேர்ந்தால் இரண்டும் மோதலாம். நீர் பிரியும் மாத்திரை எடுக்கும் முதியவருக்கு அதே மாத்திரையால் சோடியம் இறங்கலாம். கால் எரிச்சலுக்கு ஏற்கெனவே அமிட்ரிப்டிலின் ஓடிக்கொண்டிருக்கலாம், அதுவும் ஒரு மனச்சோர்வு மாத்திரைதான்.

மேற்பார்வைக் கூட்டம் 90 நிமிடம், 6 பேர், ஆளுக்கு ஒரு நோயாளி. "எப்படிப் போகுது?" என்று கேட்டால் "நல்லா போகுது" என்பார்கள். "அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம் என்ன, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். நோயாளியின் சம்மதத்தோடு ஒலிப்பதிவு கிடைத்தால் மூன்று நிமிடம் கேட்டாலே போதும். மாதம் ஒருமுறை பயிற்றுநர் கூடவே ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். நாலு முதல் ஆறு வாரத்தில் பி.எச்.கியூ 5 புள்ளியாவது இறங்காதவர்களின் பட்டியல் ஒவ்வொரு கூட்டத்திலும் மேசைமேல் இருக்கட்டும், அவர்களைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் நர்ஸ்களுக்கே. அந்த வாரம் இறந்துபோன நோயாளியின் பெயரை யாராவது சொல்வார்கள். சொல்ல விடுங்கள், நிரலில் அதற்கு இடம் வையுங்கள். வீட்டிலேயே படுக்கையில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டு வேலைக்கும் வருகிறவர்கள் உங்கள் 20 பேரில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்குப் பேசிப் பழகும்போது அதே நோயின் சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள். முதல் நாள் காலையிலேயே, "எந்தச் சீட்டையும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம், காரணம் கேட்க மாட்டோம்" என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாகச் சான்றிதழ். மூன்றாம் நாள் மாலை கொடுக்காதீர்கள். ஆறாவது மேற்பார்வைக் கூட்டத்தில் கொடுப்பதாக அழைப்புக் கடிதத்திலேயே எழுதி, அந்த ஆறு தேதிகளையும் அதிலேயே அச்சடித்துவிடுங்கள்.